பீரோவில் பூட்டிய ஒரிஜினல்

இதில் யார் பெயரும் வராது. வராது என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். கொடுத்த வாக்கின் வரிகளுக்குள் ஒழுங்காக நிற்பேன். வரிகளுக்கு வெளியே எனக்கு வேலை இருக்கிறது.

என் கணவர் இறந்த பதினாறாம் நாள், சின்னமனூரில் அவர்களுடைய பூர்வீக வீட்டில் பந்தி முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய படத்துக்குப் பக்கத்தில் கார் சாவியை வைத்திருந்தேன். கொழுந்தனார் வந்தார், படத்தைக் கும்பிட்டார், சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சும்மா நின்னா வண்டி கெட்டுப் போகும். அண்ணன் வண்டிய நான் பாத்துக்கிடுறேன்."

மூலையிலிருந்து ஒரு பெரியம்மா கேட்டார். "ஏன்ப்பா, அவளுக்கு ஓட்டத் தெரியாதா? லைசென்ஸ் ஆபீஸ்லதான உத்தியோகம் பாத்தா?"

"மதினி பேப்பர் ஓட்டுவாக. கார் ஓட்ட ஆளு வேணும்ல."

கூடமே சிரித்தது. துக்க வீடு என்பதால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அது இன்னும் மோசம்.

உண்மை என்னவென்றால், கடைசி ஒன்பது வருடம் அந்த வெள்ளைக் காரை ஓட்டியவள் நான். கணவருக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. தேனியிலிருந்து மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு, வீரபாண்டித் திருவிழாவுக்கு, சனிக்கிழமைகளில் குச்சனூருக்கு, எல்லாம் நான்தான். ஆனால் சின்னமனூருக்குப் போகும்போது மட்டும் ஒரு ஏற்பாடு உண்டு. ஊருக்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் பங்க்கில், காற்றுப் பிடிக்கும் இடத்தில் வண்டியை நிறுத்துவேன். காற்றுப் பிடிப்பது போலச் சற்று நேரம் நிற்போம். இருவரும் இடம் மாறிக்கொள்வோம். கடைசி ஒரு மைல் அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து, "சைக்கிள், சைக்கிள், இடது பக்கம் ஆடு" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவேன். அண்ணன் கார் ஓட்டிக்கொண்டு வந்து இறங்குவதை அவர் வீட்டார் பார்க்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. எனக்கு அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று அப்போது நினைத்தேன். குறைந்தது எவ்வளவு என்று பதினாறாம் நாள் தெரிந்தது.

உரிமையாளர் இறந்தால் வண்டியை என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். முப்பது நாளுக்குள் அலுவலகத்துக்குத் தகவல், மூன்று மாதத்துக்குள் படிவம் முப்பத்தொன்றில் வாரிசு பெயருக்கு மாற்றம். கொழுந்தனார் இரண்டையும் செய்யவில்லை. இறந்தவர் பெயரில் இருந்த வண்டியை இரண்டு வருடம் ஓட்டினார். அவருக்கு வாழைக்காய் மண்டி. பின் இருக்கையை மடக்கிவிட்டுத் தார்களை ஏற்றினார். வாழைக்கறை துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. இருக்கை முழுவதும் கருப்புக் கருப்பாகத் திட்டு.

ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி புகார் எழுதி அலுவலகத்துக்குப் போட்டிருந்தால் வண்டி ஒரு வாரத்தில் என் வாசலில் நின்றிருக்கும். எழுதவில்லை. சாவியை எடுத்த அதே கை, அதே கூடத்தில், அதே ஆட்கள் முன்னால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு எந்தச் சட்டத்திலும் படிவம் கிடையாது. அதனால் காத்திருந்தேன். தேனிக்குள் எங்கே போவதானாலும் பஸ், ஆட்டோ. சின்னமனூருக்கு நல்லது கெட்டதற்குப் போனால் வாசலில் நிற்கும் வெள்ளைக் காரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவேன்.

என் மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள். போன வருடம் அவள் என்னையும், சித்தப்பா சித்தியையும் சேர்த்துக் கூப்பிட்டாள். சின்னப் பிள்ளையில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு முல்லையாற்றில் குளிக்கப் போனவர் அவர். அந்தப் பாசம் அவளுக்கு. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை, சாவி விஷயம் அவளுக்குத் தெரியாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தன்னால் ஊர் சுற்றிக் காட்ட முடியாது என்றும், தெற்குத் தீவுக்கு நாங்கள் மூவரும் விமானத்தில் போய், அங்கே வாடகைக்குக் கார் எடுத்து ஒரு வாரம் சுற்றலாம் என்றும் சொன்னாள்.

கார் என்ற வார்த்தை கொழுந்தனார் காதில் விழுந்த அன்றே மண்டி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மண்டிக்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. வெளிநாட்டில் தான் கார் ஓட்டப் போவதை அதில் அறிவித்தார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து போட்டோ போடச் சொல்லிப் பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மறுநாள் காலையில் தேனியில் என் வீட்டு வாசலில் என் கார் வந்து நின்றது.

"மதினி, இன்டர்நேஷனல் பர்மிட் எடுக்கணும். எங்கன எடுக்கிறதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரசு மேஜைகளில் ஒரு பழக்கம் உண்டு. விண்ணப்பத்தில் நான்கு குறை இருந்தால் நான்கையும் ஒரே நாளில் சொல்வதில்லை. முதல் குறையைச் சொல்லித் திருப்பி அனுப்புவது, அதைச் சரிசெய்து வந்தால் இரண்டாவதைச் சொல்வது. நான் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. வருகிறவருக்கு என்னென்ன வேண்டும் என்று பழைய படிவத்தின் பின்பக்கத்தில் ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்துவிடுவேன். கேட்காததையும் எழுதுவேன். முப்பத்து நான்கு வருடத்தில் என் கௌரவம் என்று ஏதாவது இருந்தால் அந்தத் துண்டுச் சீட்டுதான்.

அவருக்கு நான் சீட்டு எழுதவில்லை.

முதல் முறை, படிவத்தை நிரப்பி எடுத்து வந்தார். "பாரம் சரியா இருக்கா மதினி?" என்றார். படித்துப் பார்த்தேன். "பாரம் சரியா இருக்கு தம்பி." உண்மையிலேயே சரியாக இருந்தது. அலுவலகத்தில் மருத்துவச் சான்று கேட்டார்கள். திரும்பி வந்து மோர் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டாம் முறை சான்றிதழோடு வந்தார். "டாக்டர் சீலு எல்லாம் இருக்குல?" இருந்தது. சொன்னேன். அங்கே விசா நகல் கேட்டார்கள். அவரிடம் பாஸ்போர்ட் நகல் மட்டும்தான் இருந்தது.

மூன்றாம் முறை அவருடைய உரிமத்தில் பழைய மண்டி முகவரி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பாஸ்போர்ட்டில் வீட்டு முகவரி. முதலில் முகவரியை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மாற்றப் போனால், ரகசிய எண் அவர் தொலைத்துவிட்ட பழைய செல்போன் நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு ஒரு தனி அலைச்சல். அலுவலகத்தில் இருந்தவர்கள் மேல் குறையே இல்லை. அவர்கள் கேட்டது எல்லாம் விதியில் இருப்பது. குறை முழுவதும் என் வீட்டு மோர் டம்ளரில் இருந்தது.

"மதினி, இதையெல்லாம் மொதல்லயே ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துட்டா என்னவாம் அவங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"நியாயமான கேள்வி தம்பி," என்றேன்.

இன்னொன்றும் நான் சொல்லவில்லை. அந்த நாட்டில் சுற்றுலாவுக்கு வருகிறவரின் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் அதுவே போதும். நம் அட்டை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. இந்த பர்மிட் உரிமத்தின் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். தனியாக அதற்கு உயிர் கிடையாது. அவர் அலைந்தது எல்லாம் யாரும் கேட்கப் போகாத ஒரு தாளுக்கு. பர்மிட் எங்கே எடுப்பது என்று கேட்டார். எடுத்தாக வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஒருவழியாகப் புதிய முகவரியோடு புது அட்டை தபாலில் வந்தது. பர்மிட்டும் கிடைத்தது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், பெட்டி கட்டும் விஷயமாகச் சின்னமனூருக்குப் போயிருந்தேன். கொழுந்தனார் கட்டிலில் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார். பர்மிட்டை மஞ்சள் துணிப் பையில் பாஸ்போர்ட்டோடு வைத்தார். புது உரிமத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து, நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

"ஒரிஜினல் அங்கனயே இருக்கட்டும்," என்றார் மனைவியிடம், அதாவது என் ஓரகத்தியிடம். "வெளியூர்ல தொலைஞ்சா மறுபடி யாரு அலையிறது? கலர் ஜெராக்ஸ் எடுத்து லேமினேசன் போட்டுட்டேன். ரெண்டு காப்பி."

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் எல்லோரும் செய்வது இதைத்தான். ரேஷன் அட்டை, ஆதார், வண்டியின் ஆர்.சி., உரிமம், எதற்கும் அசல் பீரோவில், நகல் பையில். கம்பத்திலிருந்து குமுளி வரை எந்தச் சோதனைச் சாவடியிலும் அவருடைய அசலை யாரும் கேட்டதில்லை. பாதி நேரம் நகலையே கேட்டதில்லை, முகத்தைப் பார்த்துக் கையைக் காட்டிவிடுவார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். நான்கு வார்த்தை போதும். அது அங்கே செல்லாது தம்பி. நாக்கு நுனிவரை வந்தது என்று எழுதினால் பொய். வரவே இல்லை. ஓரகத்தி மடித்துக் கொடுத்த சேலையை வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

தெற்குத் தீவு விமான நிலையத்தில், வாடகைக் கார் மேஜையில் ஒரு பெண் இருந்தாள். மகள் ஏற்கெனவே கொழுந்தனார் பெயரில் பதிந்திருந்தாள். அவர் தொப்பி போட்டிருந்தார். பையிலிருந்து பர்மிட்டை எடுத்து, பூஜைத் தட்டை வைப்பது போல இரண்டு கையாலும் மேஜையில் வைத்தார். அந்தப் பெண் அதைத் திறக்காமலே புன்னகையோடு திருப்பித் தள்ளினாள்.

"இது தேவையில்லை. உங்கள் உரிமம்?"

அவர் லேமினேட் செய்ததை எடுத்து வைத்தார். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தை வளைத்துப் பார்த்தாள்.

"இது நகல் அல்லவா? அசல்?"

"ஒரிஜினல் சேஃப்," என்றார் கொழுந்தனார். "பீரோ. லாக்."

பிறகு இரண்டாவது நகலையும் எடுத்து வைத்தார்.

அந்தப் பெண் பொறுமையானவள். அசல் உரிமம் கையில் இல்லாமல் இந்த நாட்டில் ஓட்ட முடியாது, நகல் கணக்கில் வராது, மன்னிக்கவும் என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் வியர்வை. அங்கே நல்ல குளிர்.

"மதினி, நீங்க பேசுங்க. சட்டப்படி என்னன்னு எடுத்துச் சொல்லுங்க."

"சட்டப்படிதான் தம்பி அவங்க சொல்றாங்க."

"அப்ப ஊர்லருந்து கொரியர்ல..."

"நாம கெளம்புறதுக்கு முன்னாடி வந்து சேராது."

ஓரகத்தி பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "மண்டியே பாத்துக்கிட்டு இருக்கு," என்றாள் யாரையும் பார்க்காமல். "போட்டோ எங்க, போட்டோ எங்கன்னு நேத்துலருந்து கேக்காக."

மேஜைப் பெண் கேட்டாள். "உங்களில் வேறு யாரிடமாவது உரிமம் இருக்கிறதா?"

இந்தக் கேள்விக்காக ஒரு கடலைத் தாண்டி வந்திருந்தேன். அவசரப்படவில்லை. கைப்பையைத் திறந்தேன். கண்ணாடிக் கூட்டை எடுத்தேன், வைத்தேன். மாத்திரை டப்பாவை எடுத்தேன், வைத்தேன். பிறகு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். அசல். நாற்பது வயதிலிருந்து ஒருநாளும் அது இல்லாமல் நான் வாசல்படி இறங்கியதில்லை. பதினாறாம் நாளும் அந்தக் கூடத்தில் என் மடியில் இருந்த பைக்குள் அது இருந்தது.

அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், பதிவை என் பெயருக்கு மாற்றினாள், சாவியை என் கையில் கொடுத்தாள். ஒரு நிமிட வேலை.

கொழுந்தனார் முன் கதவைத் திறந்தார். "தம்பி, முன்னால தங்கச்சி உக்காரட்டும், அவளுக்கு மலைப்பாதைல மயக்கம் வரும்," என்றேன். அவர் பின்னால் பெட்டிகளோடு ஏறினார்.

"இடிக்காம உக்காருங்க," என்றாள் ஓரகத்தி, திரும்பாமலே. "வாழைத்தாரு எல்லாம் அங்கனதான் உக்காந்து வரும்."

நான் இரண்டு வருடமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கியர் இல்லாத வண்டி வேறு. முதல் அரை மணி நேரம் இடது கால் இல்லாத கிளட்ச்சைத் தேடியது, உள்ளங்கை வழுக்கியது. அதைப் பின்னால் இருப்பவருக்குக் காட்டக் கூடாது என்பதற்காகவே தோளை இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு வளைவு தாண்டியதும் ஒரே ஒரு வண்டி போகும் அகலத்தில் பாலம் வந்தது. எதிரே ஒரு லாரி. பலகையில் நம் பக்கத்து அம்பு சிவப்பு, சிறியது. நிற்க வேண்டியது நாம்.

"ஹாரன் அடிச்சு ஏறுங்க மதினி. அவன் தயங்குறான்."

நிறுத்தினேன். லாரிக்காரர் கடந்து போகும்போது கையை உயர்த்தி எனக்கு நன்றி சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன். கொழுந்தனாரின் வலது கால் முன் இருக்கைக்கு அடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றேன், "பேப்பர் ஓட்டுறவ கைல வண்டி. கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். பொறுத்துக்கங்க."

அதற்குப் பிறகு அவர் வழி சொல்லவில்லை. அவருக்கு நினைவு வந்துவிட்டது என்பது எனக்கும், எதுவோ இருக்கிறது என்பது ஓரகத்திக்கும் தெரிந்தது. நாலு நாள் மலை, ஏரி, மலை. மேகமலையில் தேயிலையைப் பார்த்துக்கொண்டு வருவது போல அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். செல்போன் மட்டும் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு ஏரிக்கரையில் டீ குடிக்க நிறுத்தினேன். ஓரகத்தி தண்ணீர் ஓரமாக நடக்கப் போனாள். கொழுந்தனார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மதினி. ஒரே ஒரு போட்டோ. வண்டி ஓடவே வேணாம். நிக்கிற வண்டில சும்மா உக்காந்து ஒண்ணு."

நான் டீயைக் குடித்தேன்.

"ஊருக்குப் போயி மொகத்தக் காட்ட முடியாது மதினி. அந்தக் குரூப்புல ஒருத்தன் கேக்கான், அங்க பஸ்ஸுல போறீகளான்னு."

"பஸ்ஸுல போறது கேவலம் இல்லையே தம்பி. நான் ரெண்டு வருசமா பஸ்லதான் போறேன்."

அவர் தொப்பியைக் கழற்றினார். "வண்டிய எடுத்துக்கிடுங்க. ஊருக்குப் போன மறுநாளே கொண்டாந்து உங்க வாசல்ல விடுறேன்."

"வாசல்ல வேணாம். உங்க அண்ணன் திதி வருதுல்ல. அன்னைக்கு அதே கூடத்துல, அதே ஆளுக இருக்கும்போது, உங்க கையால குடுக்கணும்."

தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "குடுக்கேன். ஆனா இங்கன நடந்தத நீங்க யாருகிட்டயும் வாயத் தொறந்து சொல்லக் கூடாது. என் பேரு எங்கயும் வரக் கூடாது."

"வாயைத் திறந்து சொல்ல மாட்டேன். உங்க பேரும் வராது."

அவர் கேட்டது அவ்வளவுதான். எழுதக் கூடாது என்று கேட்கவில்லை.

எஞ்சின் அணைந்திருந்தது. சாவி என் கைப்பையில் இருந்தது. அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்து, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துத் தூரத்தைப் பார்த்தார். படம் எடுத்தவள் நான். இந்த மாதிரி இடம் மாற்றிக் கொடுப்பது எனக்குப் புதிதில்லை. படம் நன்றாக வந்திருந்தது.

திதி அன்று தேனியிலிருந்து பஸ்ஸில் போனேன். கூடத்தில் அதே ஆட்கள், அந்தப் பெரியம்மா அதே மூலையில். பந்தி முடிந்ததும் கொழுந்தனார் சாவியோடு எழுந்து வந்தார்.

"மதினி தேனில ஒத்தையா இருக்காக. ஆஸ்பத்திரி அது இதுன்னா அவசரத்துக்கு வண்டி வேணும். வேணாம்னுதான் சொன்னாக. நான்தான் கட்டாயப்படுத்தி வச்சுக்கச் சொல்லிருக்கேன்."

கூடம் அவரைப் பாராட்டியது. அண்ணன் பெண்டாட்டியை இப்படிப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்றார் ஒருவர். வெளிநாட்டுப் போட்டோவை இன்னொருவர் போனில் எல்லோருக்கும் காட்டினார். நிபந்தனையில் கை இருந்தது, கூடம் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். என்ன பேசி ஒப்படைக்க வேண்டும் என்பதைச் சேர்க்க மறந்துவிட்டேன். முப்பத்து நான்கு வருட அனுபவம், ஒரு பத்தியைத் தவறவிட்டிருந்தேன். சாவியை வாங்கிக்கொண்டேன்.

"ஏத்தா, யாரு ஓட்டிட்டுப் போறா?" என்றார் பெரியம்மா.

கொழுந்தனார் தரையைப் பார்த்தார். நான் வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். இருக்கையை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைத் திருப்பினேன். பின்னோக்கி எடுத்துத் தெருவில் திருப்பினேன். பெரியம்மா மட்டும் படியிறங்கி வந்து, வண்டி திரும்புவதை மெயின் ரோடு வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரைத் தாண்டியதும் வண்டி இடது பக்கம் இழுத்தது. இரண்டு வருடமாகத் தார் சுமந்த டயர். வேறு வழியில்லாமல் அந்தப் பங்க்கிலேயே, காற்றுப் பிடிக்கும் இடத்தில் நிறுத்தினேன். இந்த முறை உண்மையாகவே காற்று இல்லை. எப்போதும் அங்கே இருப்பவர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஐயா வரலையாம்மா?"

"இல்லப்பா. அவங்க போயி ரெண்டு வருசமாச்சு."

அவர் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "தெரியாதும்மா. அந்தப் பக்கம் போறப்ப இங்கனதான மாறி உக்காருவீக. ரெண்டு பேரையும் காணமேன்னு நெனைப்பேன்."

"மாறுறது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? காத்து சரியாத்தான் இருக்கும். நான் சும்மா மீட்டர வச்சுப் பாத்துட்டு அனுப்பிருவேன்."

ஒரே ஒரு சாட்சி. இரண்டு வருடம் இங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார். இவரைப் பதினாறாம் நாள் பந்திக்குக் கூப்பிடத் தோன்றவில்லை எனக்கு.

"நாலு டயரும் பாருப்பா," என்றேன். "ஸ்டெப்னியையும் எடுத்துப் பாத்துரு."

அவர் பின்கதவைத் திறந்தார். வாழைக்கறையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.